சைதாப்பேட்டைப் பாலத்து டிரைவரை யார் கணக்கில் எடுப்பது?

விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கை எதையாவது படித்துப் பாருங்கள். ஊர் மாறும், வண்டி எண் மாறும், ஒரு வரி மட்டும் மாறாது: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்…’ சட்டத்துக்கு அந்த வரி வேண்டும், வழக்குப் பிரிவு கேட்பதே அதைத்தான். ஆனால் பெரும்பாலும் அந்த வரியோடு நம்முடைய யோசனையும் முடிந்துவிடுகிறது. ஓட்டியவர் எதைப் பார்த்தார்? எப்போது பார்த்தார்? பார்த்த பிறகு கால் எங்கே போனது, எவ்வளவு அழுத்தியது? இந்தக் கேள்விகளுக்கு அந்த வரியில் இடமில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இத்தனைக்கும் காரணம் யாரோ சிலரின் அஜாக்கிரதைதான் என்று சொல்லிக் கோப்பை மூட எனக்கு மனம் வரவில்லை.

நான் போக்குவரத்து சிமுலேஷன் வேலையில் இருப்பவன். ஒரு மேம்பாலமோ சந்திப்போ கட்டுவதற்கு முன், அதைக் கணினியில் வரைந்து வண்டிகளை ஓடவிட்டுப் பார்ப்போம். திரையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு டிரைவர் இருக்கிறார். முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடுவார், எத்தனை விநாடி கழித்து பிரேக் பிடிப்பார், எப்போது ஒதுங்குவார் என்று சில சமன்பாடுகள்தான் அவர். கார் கம்பெனிகளும் இதேபோல ஒரு டிரைவரை வைத்துத்தான் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் வடிவமைக்கின்றன. அந்த டிரைவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி என்னை விட்டுப் போவதில்லை.

முதலில், ஓட்டுநர் உண்மையில் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்து வண்டியை வடிவமைக்கும் இந்த முறையால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தைச் சொல்கிறேன். 1992-ல் மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர்கள் தங்கள் டிரைவிங் சிமுலேட்டரில் சாதாரண ஓட்டுநர்களை உட்கார வைத்து, திடீரென்று ஆபத்தை எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் போதுமான அழுத்தத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கால் பிரேக்குக்கு வேகமாகத்தான் போகிறது. உயிர் பயம் அல்லவா, பெடலை உதைக்கவே செய்கிறது. ஆனால் கடைசிவரை அழுத்துவதில்லை, பாதியில் தயங்குகிறது. வாழ்நாள் முழுக்க மெதுவாக பிரேக் பிடித்தே பழகிய கால் அது. முழு பலத்தோடு அழுத்தினால் வண்டி என்ன செய்யும் என்று அந்தக் காலுக்குத் தெரியாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தும், அது வேலை செய்யும் அளவுக்கு அழுத்தமே போய்ச் சேர்வதில்லை.

‘ஓட்டுநர்களுக்குப் பயிற்சி போதாது’ என்று எழுதிவிட்டு அவர்கள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பெடலை எவ்வளவு ஆழம் அழுத்துகிறார் என்பதைவிட, எவ்வளவு வேகமாக அழுத்தத் தொடங்குகிறார் என்பதில்தான் ஓட்டுநரின் நோக்கம் தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். சிக்னலில் நிற்கப் போகிறவரின் காலும், குறுக்கே ஓடிய குழந்தையைப் பார்த்தவரின் காலும் முதல் கணத்திலேயே வேறு வேறு வேகத்தில் இறங்குகின்றன. அந்த வேகத்தை அளந்து, இது அவசரம் என்று தெரிந்ததும் மீதி அழுத்தத்தை வண்டியே கொடுத்துவிடும்படி செய்தார்கள். 1996-ல் ‘பிரேக் அசிஸ்ட்’ விற்பனைக்கு வந்தது இப்படித்தான். ஓட்டுநரைத் திருத்தப் பார்க்காமல், அவர் செய்ய நினைத்து முடியாமல் போனதை வண்டி முடித்து வைக்கிறது. இந்தத் துறையில் இதைவிட மனிதத்தன்மையான வேலை ஒன்றை நான் பார்த்ததில்லை.

இந்தச் சிந்தனை ரொம்பப் பழையது. 1938-லேயே கிப்சன், குரூக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள், ஓட்டுநர் கண்ணுக்கு முன்னால் ‘பாதுகாப்பாகப் போகக்கூடிய வெளி’ ஒன்று எப்போதும் விரிந்திருக்கிறது என்று எழுதினார்கள். சாலையில் நாக்கு நீட்டியதுபோல அது முன்னால் நீளும். ஆள் குறுக்கே வந்தால் சுருங்கும், வழி திறந்தால் நீளும். ஓட்டுநர் உண்மையில் ஓட்டுவது அந்த வெளியின் நடுவே தன்னை வைத்துக்கொள்வதற்காகத்தான். அந்த வெளியின் நீளம் ஒரு பக்கம், வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை மனசுக்குள் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறோம் என்றார்கள். கோடு போட்ட பாதை எதுவும் இந்தச் சித்திரத்துக்குத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊருக்கு அது முக்கியம், பின்னால் வருகிறேன்.

அப்புறம் 1950-களில் விஷயம் கணக்குக்குள் நுழைந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் இரண்டு கார்களை ஒரு கம்பியால் இணைத்து, சோதனைத் தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார்கள். கம்பி நீள்வதையும் சுருங்குவதையும் வைத்து இடைவெளியை அளந்தார்கள். முன்னால் போகிறவரின் வேகத்துக்கும் தன் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப, ஏறக்குறைய ஒன்றரை விநாடி தாமதத்தோடு, பின்னால் வருகிறவர் வேகத்தைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். 1958-ல் வெளியான அந்த ஒற்றைச் சமன்பாட்டிலிருந்துதான் இன்றைய மாடல்கள் கிளைத்தன. 1974-ல் ஜெர்மனியில் வீடமான் என்ற ஆய்வாளர் அதை இன்னும் மனிதத்தனமாக்கினார். சின்ன வேக வித்தியாசத்தை மனிதக் கண் கவனிக்காது, கவனிக்கும் அளவைத் தாண்டினால்தான் கால் அசையும் என்பது அவர் மாடலின் அடிப்படை. நாங்கள் சென்னையில் பயன்படுத்தும் சிமுலேஷன் மென்பொருளுக்கு உள்ளேயும் அவருடைய டிரைவர்தான் இருக்கிறார்.

அவர் நல்ல டிரைவர். தன் பாதையில் வருவார். முன்னால் ஒரே ஒரு காரைப் பார்ப்பார். அதன் பின்னால் போவார். அண்ணா சாலையில் இவரை நான் பார்த்ததே இல்லை.

சென்னையில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் தமிழ் அரசனும் அவர் மாணவர்களும் பாதை என்பதையே தூக்கிப் போட்டுவிட்டு, சாலையின் முழு அகலத்தையும் ஒரே வெளியாக எடுத்துக்கொண்டு மாடல் அமைத்தார்கள். அதில் பஸ், கார், ஆட்டோ, பைக் எல்லாம் வெவ்வேறு அளவுள்ள செவ்வகங்கள். ஒவ்வொன்றும் பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி கேட்கும் என்பது வண்டியின் வகையையும் வேகத்தையும் பொறுத்தது. பிறகு 2014 பிப்ரவரியில், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் ஒரு பிற்பகலில் வேறொரு ஆய்வுக்குழு வீடியோ எடுத்தது. 245 மீட்டர் நீளம், 11.2 மீட்டர் அகலம், அரை மணி நேரம். அதில் கடந்த 3,005 வண்டிகள் ஒவ்வொன்றும் அரை விநாடிக்கு ஒருமுறை எங்கே இருந்தது என்று குறித்தார்கள். பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். அந்தத் தரவு 2015-ல் வெளியானது. அடையாறைக் கடக்கும் அந்தப் பாலத்தை வெளிநாட்டு ஆய்வாளர்கள் எடுத்து அலசுவதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

அந்த மாதிரித் தரவோடு கொஞ்ச நாள் உட்கார்ந்தால், ‘நம்ம ஊரில் டிராபிக் ரூல்ஸே கிடையாது’ என்று சொல்ல வாய் வராது. எழுதப்பட்ட விதிகள் மீறப்படுகின்றன, அது உண்மை. ஆனால் எழுதப்படாத விதிகள் இருக்கின்றன, அவற்றை அளக்கவும் முடிகிறது. மாநகரப் பேருந்துக்குப் பின்னால் வரும் ஸ்கூட்டரைக் கவனியுங்கள். அவர் பஸ்ஸின் நடுமுதுகுக்கு நேர்பின்னே ஒருபோதும் வரமாட்டார். வலது பின்மூலைக்கு ஒட்டினாற்போல, முன்சக்கரம் பஸ்ஸின் ஓரத்துக்கு அரை அடி வெளியே இருக்கும்படி வருவார். அங்கிருந்துதான் பஸ்ஸுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியும். பஸ் திடீரென நின்றால் பிரேக்கை மட்டும் நம்பாமல் ஹேண்டிலைத் திருப்பித் தப்பிக்கவும் முடியும். வேகம் கூடக்கூடப் பக்கத்து வண்டிக்கு விடும் இடைவெளியும் கூடுகிறது. நெருக்கி ஓட்டுகிறார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவில்லை. கிப்சன் வரைந்த அந்த நாக்கு இங்கே நேராக நீளாமல், சந்து கிடைத்த பக்கமெல்லாம் வளைந்து போகிறது, அவ்வளவுதான்.

இது வெறும் கல்லூரி ஆராய்ச்சி இல்லை. இன்று நடுத்தர விலைக் கார்களிலேயே ரேடாரும் கேமராவும் வந்துவிட்டன. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே சரிசெய்யும் க்ரூஸ் கன்ட்ரோல், தானியங்கி பிரேக் எல்லாம் இருக்கின்றன. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி இடைவெளி என்று வைத்தால் முன்னால் 33 மீட்டர் காலியாக இருக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் 33 மீட்டர் காலி இடம் எத்தனை நேரம் காலியாக இருக்கும்? ஒரு பைக் நுழையும், கார் வேகத்தைக் குறைத்து மறுபடி இடைவெளி விடும், அதில் ஒரு ஆட்டோ நுழையும். ஒவ்வொரு முறையும் பின்னால் வருகிறவருக்கு, இந்தக் கார் ஏன் வேகம் குறைகிறது என்று புரியாது. நான் போன ஒரு டாக்ஸியில் டிரைவர் இதைப் பற்றிச் சொன்னார்: “சார், அது நல்லாதான் இருக்கு, ஆனா நம்ம ரோட்ல கத்திக்கிட்டே இருக்கும். ஏறினதும் ஆஃப் பண்ணிடுவேன்.” அவர் அணைத்தது, ஒருநாள் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கருவி. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் வரும் பைக் ஒதுங்கிப் போகத்தான் வருகிறதா, குறுக்கே விழத்தான் வருகிறதா என்று அவருக்கு அதன் சாய்விலேயே தெரிகிறது. கருவிக்கு அதை யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நம் ஓட்டுநரை ஒழுங்காகப் பார்த்து வண்டியை மாற்றியதற்கு ஒரு நல்ல உதாரணமும் உண்டு. டூவீலர் ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லாருமே இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்போம்: “முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புறக் கவுந்துடுவே.” அப்பாவோ அண்ணனோ சொல்லியிருப்பார். அந்தப் பயம் கைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. இயற்பியல் நேர்மாறாகச் சொல்கிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது, சாலையைப் பிடித்து நிறுத்தும் பலம் முன்சக்கரத்தில்தான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் லாக் ஆகி வால் சறுக்கும், வண்டி நிற்காது. இது நம் ஊர்ப் பயம் மட்டுமல்ல. 1981-ல் லாஸ் ஏஞ்சலஸ் விபத்துகளை ஆராய்ந்த ஹர்ட் அறிக்கையும், பெரும்பாலான ஓட்டிகள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கியதையும், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காததையும் பதிவு செய்தது. மோதலைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் 2 விநாடிக்கும் குறைவு என்றும் சொன்னது.

அதற்குத் தீர்வாக வந்ததுதான் சிபிஎஸ் என்று ஸ்கூட்டரில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அந்த ஏற்பாடு. பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். இந்தியாவில் 2018 ஏப்ரலிலிருந்து புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையில் இருந்த எல்லா மாடல்களுக்கும் இது கட்டாயமானது: 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ், அதற்குள் இருப்பவற்றுக்கு சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ். அப்பா சொன்னதை மறக்கச் சொல்லவில்லை, பழகிய கையே பிடிக்கட்டும், வண்டி சரியாக நிற்கும் என்றார்கள். மெர்சிடிஸின் பிரேக் பெடலுக்கும் நம் தெருவில் நிற்கும் ஸ்கூட்டரின் இடது கைப்பிடிக்கும் பின்னால் ஒரே யோசனைதான் இருக்கிறது.

அடுத்து கண். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நெடுஞ்சாலையில் நின்ற லாரியின் பின்னால் கார் மோதிய செய்தி நம் நாளிதழ்களில் ஓயாமல் வருகிறது. ‘இவ்வளவு பெரிய லாரி எப்படித் தெரியாமல் போகும்?’ என்று எல்லாரும் கேட்கிறோம். இரவில் 80 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், அதாவது விநாடிக்கு 22 மீட்டர். 200 மீட்டர் தள்ளி ஒரு லாரி விளக்கில்லாமல் நிற்கிறது. கண்ணில் அதன் பிம்பம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் தூரம் பாதியாக வேண்டும். 200-லிருந்து 100 மீட்டருக்கு வர நாலரை விநாடி. அடுத்த இரட்டிப்புக்கு இரண்டேகால் விநாடி. அதற்கடுத்ததுக்கு ஒரு விநாடி சொச்சம். ஆக, அது நகராமல் நிற்கிறது என்ற சேதி முதலில் மெதுவாகக் கசிந்து, கடைசியில் ஒரே பாய்ச்சலாக வருகிறது. மனிதர்கள் பிரேக் பிடிப்பதை இந்தப் பிம்பம் விரியும் வேகம்தான் வழிநடத்துகிறது என்று டேவிட் லீ 1976-ல் எழுதினார். சாலை வடிவமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி 80 கி.மீ. வேகத்தில் வண்டியை நிறுத்த 120 மீட்டர் வேண்டும். அதில் சுதாரிக்க ஓட்டுநருக்குக் கொடுத்திருக்கும் இரண்டரை விநாடியும் அடக்கம். மேலே சொன்ன கணக்கில் முதல் இரட்டிப்பு முடிவதற்குள்ளேயே அந்த 120 மீட்டர் எல்லை தாண்டிப்போய்விடுகிறது. இங்கே ஓட்டுநரின் குணத்தைத் திட்டிப் பயனில்லை. லாரியின் பின்புறம் முழு அகலத்துக்கும் ஒட்டவேண்டிய ஒளிரும் பட்டையைச் சேறு படியாமல் வைத்திருந்தால் பயன் உண்டு.

டூவீலருக்கு இதே கண் வேறொரு வழியில் பிழை செய்கிறது. ஒரே தூரத்தில் ஒரே வேகத்தில் வரும் காரையும் பைக்கையும் பார்த்தால், பைக் தாமதமாக வந்து சேரும் என்றே மனம் கணிக்கிறது. சின்னப் பொருள் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுவதன் விளைவு. 2005-ல் ஹார்ஸ்வில்லும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதனையில் காட்டினார்கள். கிளைச்சாலையிலிருந்து திரும்பும் கார்க்காரர் ‘பைக் தூரத்தில்தான் இருந்தது’ என்று சொல்லும்போது பல நேரம் அவர் பொய் சொல்லவில்லை. இரவில் நிலைமை இன்னும் மோசம், ஒற்றை விளக்கு விரிவதே தெரியாது. பிரிட்டனில் 2012-ல் வெளியான ஆய்வில், ஒரு விளக்குக்குப் பதில் மூன்றை அகலமாக விரித்து வைத்தபோது வேகத்தைக் கணிப்பது மேம்பட்டது. பைக்கின் முகத்தில் இரண்டு சின்ன விளக்குகளைக் கூடுதலாக வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? நம் கம்பெனிகள் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். 2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலர்களில் பகலிலும் ஹெட்லைட் எரிகிறதல்லவா, அதுவும் இதே வழியில் ஒரு படிதான். (வந்த புதிதில் எதிரே வருகிறவர்களெல்லாம் ஐந்து விரலையும் குவித்து விரித்து ‘லைட் எரியுது’ என்று சைகை காட்டினார்கள். வெளிச்சம் எல்லார் கண்ணிலும் பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.)

இப்படி எல்லாம் செய்தாலும் மனிதன் பழகிக்கொள்வான், அதனால் பயனில்லை என்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஆதாரமும் இருக்கிறது. மியூனிக் நகர டாக்ஸிகளில் பாதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தபோது, அந்த ஓட்டுநர்கள் இன்னும் துணிந்து ஓட்டினார்கள், விபத்து குறையவில்லை. காரின் பின்கண்ணாடி உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் கதையும் அதுதான். 1974-ல் சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகளில் சோதித்தபோது பின்பக்க மோதல் 60 சதவீதம் குறைந்தது. 1986-லிருந்து அமெரிக்காவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். எல்லாக் காரிலும் அது வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு பலன் 4.3 சதவீதத்தில் போய் நின்றது.

எனக்கு இந்த 4.3 ஏமாற்றமாகத் தெரியவில்லை. ஒரு பல்பும் ஒரு ஒயரும் வருடா வருடம் அத்தனை மோதல்களைத் தடுக்கின்றன. பழகிக்கொள்வதையும் சேர்த்துக் கணக்குப் போடு என்பதுதான் மியூனிக் சொல்லும் பாடம். ஓட்டுநர் தன்னிடம் மிச்சமிருக்கும் பாதுகாப்பை எதில் செலவழிப்பார் என்பதும் மாடலுக்குள் வர வேண்டும். வேகமாகப் போகலாம் என்று தோன்ற வைக்கும் சாதனம் ஒரு ரகம், கடைசி நொடியில் மட்டும் கைகொடுத்து மற்ற நேரம் இருக்கும் இடம் தெரியாத சாதனம் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகத்தின் பக்கம்.

இதையெல்லாம் ஆய்வகத்துக்கு வெளியே உண்மையாக அறிய வேண்டுமென்றால், ஓட்டுகிறவரோடு மாதக்கணக்கில் கூடவே போக வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் அதைச் செய்தது. 100 கார்களில் கேமராவும் உணர்கருவிகளும் வைத்து, மக்களை அவரவர் வாழ்க்கையை வாழ விட்டார்கள். 2006-ல் வந்த முடிவு: மோதல்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தில், அதற்கு முந்தைய 3 விநாடிக்குள் ஓட்டுநரின் கவனம் முன்னாலுள்ள சாலையைவிட்டு விலகியிருந்தது. 2 விநாடிக்கு மேல் பார்வை விலகினாலே ஆபத்து குறைந்தது இரு மடங்கு. ஏசி குமிழையும் தொடுதிரைக்குள் புதைத்துவிட்டு அதை நவீனம் என்று விற்பவர்கள் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். தடவிப் பார்த்துத் திருப்பக்கூடிய குமிழுக்குக் கண் தேவையில்லை.

நம்மிடம் அப்படியொரு தரவு இல்லை என்பதுதான் என் ஆதங்கம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிய ஐராட் என்ற சாலை விபத்துத் தரவுத்தளம் வழியாக, எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன வண்டி மோதியது என்பது இப்போது போலீஸ்காரரின் போனிலிருந்தே பதிவாகிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அது மோதிய பிறகு எழுதப்படுவது. அதற்கு முந்தைய 3 விநாடி அதில் இருக்காது. சைதாப்பேட்டை வீடியோ மேலிருந்து எடுத்தது, அதில் யாருடைய கண்ணும் கையும் தெரியாது.

அப்படியொரு ஆய்வுக்கு நாம் எடுக்கும் நூறு வண்டிகள் கார்களாக இருக்கக் கூடாது. ஸ்கூட்டரும் பைக்கும் ஷேர் ஆட்டோவுமாக இருக்க வேண்டும், சென்னையில் மட்டுமில்லாமல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஓட வேண்டும். பிரேக் கைப்பிடியில் அழுத்தம் அளக்கும் ஒரு கருவி, ஹேண்டிலில் சாய்வை அளக்கும் ஒன்று, முன்னும் பின்னும் சின்னக் கேமரா. இன்றைக்கு இதெல்லாம் விலை அதிகமான பொருள்களே இல்லை. பெற்றவர் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று பள்ளிக்குப் போகும்போது சிபிஎஸ் எவ்வளவு தூரத்தில் வண்டியை நிறுத்துகிறது? காஸ் சிலிண்டர் கட்டிய பைக் எந்த வேகத்தில் ஆடத் தொடங்குகிறது? உணவு டெலிவரி செய்கிறவரின் பார்வை கைப்பேசி மேப்புக்கு ஒரு கிலோமீட்டரில் எத்தனை முறை போகிறது, அந்தத் திரையை எந்த உயரத்தில் வைத்தால் அது குறையும்? ஐப்பசி மழையில், ஹெல்மெட் கண்ணாடியில் நீர் வழியும்போது எத்தனை மீட்டருக்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர் தெரிகிறது? அளந்தால் பதில் கிடைக்கும் கேள்விகள்தான் இவை எல்லாம்.